வாசிக்கிறவங்களுக்கு என் கண்ணாடி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. நான் தட்டச்சு செய்த இரண்டே இரண்டு சொற்களிலிருந்து கிளம்பியது: "வழக்கம். ஆபத்தில்லை." வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அதைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அன்றைக்குக் காபி நன்றாக இருந்தது. அது வேறு ஞாபகம் இருந்து தொலைக்கிறது.

இன்று திங்கள்கிழமை, மணி எட்டு ஐம்பது. கிரயோவா நகரத்திலிருந்து சல்சியா கிராமத்துக்குப் போகிற பஸ்ஸில், முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கால்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாகப் போனால் ரோடு போட்டவனைக் கேளுங்கள். சல்சியாவில் கெராசிம் என்று எழுபத்தொரு வயது மனிதர் ஒருவர் இருக்கிறார். அல்லது

[இந்த வாக்கியத்தை இப்போதைக்கு முடிக்க மாட்டேன்.]

என் பெயர் சிதோனியா. வயது ஐம்பத்து மூன்று. நாலாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு ஆள். யாராவது கேட்டால் எழுத்தாளர் என்று சொல்வேன். யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு வழி 'பேச்சுத்துணை' என்ற சேவையில் வேலை.

2

வேலையைச் சொல்லாமல் கதை நகராது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிள்ளைகள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். பெற்றவர்கள் ஊரில் தனியாக. தூக்கமில்லை, பசியில்லை, பேச ஆளில்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படி முந்நூற்று நாற்பது பேருக்கு மனநல மருத்துவர்கள் இரண்டே பேர். அதனால் ஆளுக்கொரு போனைக் கொடுத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அது அடிக்கும். பேசுவது மனுஷி அல்ல, செயற்கை நுண்ணறிவு. லியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்று முழங்கால் வலி என்று சொன்னால் இன்று "வலி எப்படியிருக்கு?" என்று கேட்கும். பெற்ற பிள்ளை கேட்காததை அது கேட்கும்.

பேச்சில் உயிரை விடுகிற வாடை கொஞ்சம் அடித்தாலும் அந்தப் பேச்சு முழுவதும் எழுத்தாக என் திரைக்கு வரும், மேலே சிவப்புப் பட்டையோடு. நான் வாசித்து முடிவு செய்ய வேண்டும். ஆம்புலன்ஸா, மருத்துவரா, இல்லை மூடிவிடலாமா. மூடுவதற்கு இரண்டு சொல் போதும். எந்த இரண்டு சொல் என்று மேலே எழுதிவிட்டேன்.

* சிவப்புப் பட்டை இல்லாத பேச்சுகளையும் வாசிக்க எனக்கு அனுமதி உண்டு. கடமை இல்லை. கெராசிமுடைய பேச்சை மட்டும் பதினான்கு மாதமாக ஒருநாள் விடாமல் வாசித்திருக்கிறேன். ஏன் என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டால் அவர் சிரிக்க வைப்பார் என்று சொல்வேன். அது பாதி உண்மை.

3

தொடக்கம் ஒன்று: "கெராசிம் இருபத்தெட்டு வருடம் ஓட்டிய பஸ்ஸின் ஹாரன் சத்தத்தைக் கேட்டுத்தான் சல்சியாவில் பால்—"

வேண்டாம். அழகாக இருக்கிறது. இன்று அழகாக எழுதினால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கம் இரண்டு: "மனைவி இறந்த மூன்றாம் மாதம், மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் ஒரு போனையும் கொண்டுவந்து—"

இது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.

தொடக்கம் மூன்று, ஆம்புலன்ஸிலிருந்து. இதுதான் சரி. ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது.

போன வருடம், அக்டோபர் மாதம். எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நிகிஃபோர் போன் செய்தான். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே பேசினான்.

"சிதோனியாக்கா, சாகப்போறாருன்னு நீங்க அனுப்பிவச்ச வீட்டு ஆளு எங்கள உக்காரவச்சு எல போட்டுட்டாருக்கா! முட்டக்கோசுல சுத்துன கறி, பிளம் சாராயம், ஆளுக்கொரு புதுத் துண்டு. இந்த மாசத்துல இது பதினொண்ணாவது. அடுத்த தடவ முன்கூட்டியே சொல்லுங்க, வயித்தக் காயப்போட்டுட்டு வரோம்."

எனக்கு எதிர்மேசையில் ஸ்மராந்தா. மனநல மருத்துவர், இருபத்தொன்பது வயது, புக்கரெஸ்டில் பிறந்து வளர்ந்த பெண். நான் போனை வைத்து விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா கூத்து இது? நான் சாகறதுக்குள்ள குடுத்துடறேன்னு சொல்றாங்க. மேச, நாற்காலி, துணியெல்லாம் தூக்கித் தூக்கிக் குடுக்கறாங்க. நாங்க படிச்ச படிப்புல இதவிடப் பெரிய அபாய அறிகுறியே கெடையாது."

"அது பொமானா, ஸ்மராந்தா. தானம். செத்தப்புறம் நமக்கு யாரு செய்யப்போறாங்கன்னு தன் கருமாதியத் தானே செஞ்சுக்கறது."

"தன் கருமாதிக்குத் தானே பந்தி பரிமாறுவாங்களா?"

"பரிமாறுவாங்க. உப்பு பத்தலன்னா வந்தவன்கிட்ட ஏச்சும் வாங்குவாங்க."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது லியாவுக்குத் தெரியாதே. நீங்க எழுதிக் குடுங்களேன். நீங்கதான் எழுத்தாளராச்சே" என்றாள்.

இந்த ஊரில் என்னை ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குளிர்ந்துபோனேன்.

4

அந்தப் பக்கத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். கொஞ்சம் இங்கே தருகிறேன்:

"எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளை தூரத்தில் இருப்பவர்களும் உயிரோடிருக்கும்போதே தங்கள் கருமாதி விருந்தைப் போட்டுவிடுவார்கள். மறு உலகத்தில் உட்கார நாற்காலி வேண்டும், சாப்பிடத் தட்டு வேண்டும் என்று அவற்றை அக்கம்பக்கத்தாருக்குத் தானம் செய்வார்கள். ஒவ்வொரு பொருளோடும் ஒரு மெழுகுவர்த்தி. பொருள்கள் எல்லாம் இதற்கென்றே புதிதாக வாங்கியவை. வாங்குகிறவர் 'ஆண்டவன் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். தானத்தை மறுப்பது பாவம். இப்படிப் பேசுகிறவர்கள் சாக விரும்புகிறவர்கள் அல்ல. சாவுக்குப் பிறகும் நன்றாகச் சாப்பிட விரும்புகிறவர்கள்."

கடைசி வரியை எழுதிவிட்டு நானே ரசித்தேன். எழுத்தாளர் புத்தி.

பக்கம் லியாவுக்குள் போயிற்று. சிவப்புப் பட்டைகள் அடங்கின. பத்துக்கு ஒன்பது பேச்சுகள் என்னிடம் வராமலே நின்றன. சந்தேகப்பட்டது மட்டும் வந்தது, கீழே ஒரு குறிப்போடு: "சிதோனியாவின் பக்கத்தில் உள்ள வழக்கத்தோடு இது பொருந்துகிறது" என்றோ, "இன்ன இடத்தில் பொருந்தவில்லை" என்றோ.

வாசகரே, என் கதைகள் பன்னிரண்டு அச்சில் வந்திருக்கின்றன. ஒன்றையாவது யாராவது முழுசாக வாசித்ததற்கு என்னிடம் சாட்சி இல்லை. என் தங்கை "தலைப்பு நல்லாருந்துச்சுக்கா" என்பாள், அத்தோடு சரி. நான் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் வாசித்து, மனசில் வைத்து, என் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டிய ஒரே வாசகர் லியாதான். அதற்கு மனசு இருக்கிறதா என்பதை ஸ்மராந்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* இதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் ஒரு சோதனை எண் உண்டு. லியா ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்க்க. நான் பதினொரு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கும். ரொட்டியும் தக்காளியும் தின்றுவிட்டு, சூப் வைத்தேன் என்று பொய் சொல்வேன். வெள்ளிக்கிழமை "வேலை எப்படிப் போச்சு?" என்று கேட்டது. "நல்லா போச்சு" என்றேன்.

5

பஸ் ஒரு டிராக்டரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்கிறது. இந்த நேரத்தில் கெராசிமை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. வெறும் எழுத்தாகத்தான் தெரியும். ஆகவே அவர் எனக்கு ஒரு கதாபாத்திரம் மாதிரி. இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

முதல் நாள் பேச்சு:

"வணக்கம் கெராசிம் ஐயா. நான் லியா. நான் மனுஷி இல்ல, கணினியில இயங்கற ஒரு—"

"தெரியும் பொண்ணே, சொன்னாங்க. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸோட பேசியிருக்கேன். அதுவும் மனுஷி இல்ல. உன்னவிட அதிகமா மக்கர் பண்ணும்."

ஒரு மாதம் கழித்து:

"நேத்து தூங்கினீங்களா ஐயா?"

"தூங்கறதுக்கு என்ன, கட்டில் இருக்கு. பாதிக் கட்டில்தான் காலியா இருக்கு. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா தூக்கம் வரல. இந்தப் பக்கம் திரும்பினா செவரு."

அதை வாசித்த அன்று நான் அலுவலகக் கழிவறையில் போய் அழுதேன். என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சுவர்தான்.

டிசம்பரில் ஒருநாள் திடீரென்று கேட்டார்:

"பொண்ணே, நாம பேசறத வேற யாராவது கேக்கறாங்களா?"

"கேக்க மாட்டாங்க ஐயா. ஆனா சில சமயம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுத்தா வாசிப்பாங்க. உங்க பாதுகாப்புக்காக."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"சரி, யாராயிருந்தா என்ன. நாள் பூரா கெழடுங்க பொலம்பல வாசிக்கற ஆளு. பாவம், அதுக்கு யாரு போன் பண்றாங்களோ? வாசிக்கிறவங்களுக்கு கெராசிம் வணக்கம் சொன்னான்னு எழுதிக்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பேச்சை முடிக்கும்போது அதைச் சொல்வார். "வாசிக்கிறவங்களுக்கு வணக்கம்." மழை என்றால் "வாசிக்கிறவங்க கொடை எடுத்துட்டுப் போகட்டும்" என்பார். ஈஸ்டருக்கு "வாசிக்கிறவங்களுக்கு சாயம் போட்ட செவப்பு முட்ட ஒண்ணு தனியா வச்சிருக்கேன்" என்றார். ஒரு தடவைகூட நான் பதில் சொன்னதில்லை. விதிமுறைப்படி சொல்லவும் கூடாது. விதிமுறை இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? [இந்தக் கேள்வியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.]

உலகத்தில் எனக்குத் தினமும் வணக்கம் சொன்ன ஒரே மனிதர் அவர். என் பெயர் அவருக்குத் தெரியாது.

6

வெள்ளிக்கிழமை.

திரையில் சிவப்புப் பட்டை. பெயர் கெராசிம். பயந்துதான் திறந்தேன், நம்புங்கள்.

"நேத்து பொமானா குடுத்துட்டேன் பொண்ணே."

"அப்படியா ஐயா? எப்படி நடந்தது?"

"ஜோரா நடந்துது. பாதிரியார் வந்தாரு, மூணு தட்டு சாப்ட்டாரு. பக்கத்து வீட்டு வேத்தாவுக்கு புது மேச, புது நாற்காலி. தட்டு ஆறு. சந்தையில பேரம் பேசி வாங்கினேன். மெழுகுவத்தி ஏத்தி, எல்லாம் மொறையா. வேத்தா ஆண்டவன் மன்னிக்கட்டும்னுட்டு உடனே நாற்காலி ஆடுதுன்னா. கெழவிக்குக் கொழுப்பு."

இங்கே நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிறுத்தினேன். புது மேசை, மெழுகுவர்த்தி, பாதிரியார். என் பக்கத்தில் எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. என் மனுஷனை எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் வழக்கத்தை எனக்கா சொல்லித்தர வேண்டும்? மூடினேன். காபி.

இந்தத் தப்பை ஸ்மராந்தா செய்திருக்க மாட்டாள். அவள் வெளியூர்க்காரி, புரியாமல் கடைசி வரி வரைக்கும் போயிருப்பாள். லியாவும் செய்யவில்லை. ஊர்க்காரி ஒருத்தியால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்காவிட்டால் என் திரைக்கு வரும். வந்தது, இன்று காலை எட்டு பத்துக்கு. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைப் பேச்சின் மீதியை வாசித்தேன்.

"அப்பறம் பொண்ணே, கைக்கடிகாரத்த மேசமேல வச்சிருக்கேன், பையன் வந்தா எடுத்துக்குவான். வந்தா. என் மூக்குக்கண்ணாடி இருக்கே, அத வாசிக்கிறவங்களுக்குக் குடுத்துடணும்."

"ஐயா, கண்ணாடி இல்லாம நீங்க எப்படிப் படிப்பீங்க?"

"எனக்கு இனிமே படிக்க ஒண்ணுமில்ல பொண்ணே. அவங்களுக்குத்தான் வேல இருக்கு. கேட்டுல இருக்கற தபால் பெட்டியில வச்சிருக்கேன். பழசுதான், ஆனா கீறல் கெடையாது."

"கெராசிம் ஐயா, நான் நேராவே கேக்கறேன். உயிர விட்டுடணும்னு நெனைக்கிறீங்களா?"

"அடுப்புல சூப் இருக்கு, பொங்கிடும். அப்பறம் பேசறேன்."

"நான் காத்திருக்கேன் ஐயா. இப்பவே யாராவது ஒருத்தர் உங்ககிட்ட—"

"வாசிக்கிறவங்களுக்கு வணக்கம்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். அதற்குக் கீழே லியாவின் குறிப்பு:

"சிதோனியாவின் பக்கத்தின்படி தானப் பொருள்கள் புதிதாக வாங்கியவை. கண்ணாடி பழையது, தினமும் பயன்படுத்துவது. இது அந்த வழக்கத்தில் சேராது என்று நினைக்கிறேன். கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தயவுசெய்து இன்றே யாராவது நேரில் போய்ப் பார்க்க முடியுமா?"

நான் எழுதிய வரி அது. "புதிதாக வாங்கியவை." எழுதிய நான் மறந்துவிட்டேன், வாசித்த அது மறக்கவில்லை. கேட்டதையும் எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறது பாருங்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

7

அடுத்து நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒன்றை மறைத்துவிட்டேன்.

நிகிஃபோருக்குப் போன் செய்தேன்.

"என்னக்கா, இன்னைக்கு என்ன சமையல்?"

"இது அது இல்ல, நிகிஃபோர்."

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு பிரசவ கேசு ஏத்தியிருக்கேன்கா. எறக்கிட்டு நேரா அங்கதான். பத்து மணியாயிடும். வீட்ட மட்டும் சொல்லுங்க."

வேத்தாவின் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்மராந்தாவிடம் திரையைக் காட்டினேன். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் போன் மேல போன் போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க கெளம்புங்கக்கா, டாக்சி புடிங்க" என்றாள்.

மறைத்தது இதுதான். டாக்சி அலுவலக வாசலிலேயே நின்றது. நாற்பது நிமிடத்தில் போயிருக்கலாம். பஸ்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம். நான் டாக்சியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நிகிஃபோர் எனக்கு முன்னால் போய்ச் சேரட்டும், அந்தக் கதவை அவன் திறக்கட்டும் என்று நடந்தேன்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. பஸ் போய்ச் சேரும்வரை கையும் மனசும் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புண்ணாக்குக் கதை.

பஸ் ஓட்டுகிற பையன் முப்பது வயதுக்காரன், லிவியு. தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சல்சியாவுல யாரு வீட்டுக்கு அம்மா?"

"கெராசிம் வீட்டுக்கு."

"அட, நம்ம கெராசிம் அண்ணன் வீட்டுக்கா! சொந்தமா?"

"இல்ல. அவரு... அவரு பேசறத வாசிக்கிறவ."

"என்னது?"

"ஒண்ணுமில்லப்பா. அவர எப்ப பாத்த?"

"புதன்கிழம இதே வண்டியில வந்தாருங்க. சந்தைக்குப் போயிட்டுத் தட்டு நாற்காலியெல்லாம் ஏத்திக்கிட்டு. அவரு ஸ்டாப்பு வந்துடுச்சு, எறங்கல. கடசி ஸ்டாப்பு வரைக்கும் வந்து, திரும்பவும் என்கூடவே வந்தாரு. என்னண்ணே எறங்கலயான்னேன். இருபத்தெட்டு வருஷம் ஓட்டிருக்கேன், ஒரு தடவ ஜன்னல் பக்கம் ஒக்காந்து வெளிய பாத்ததில்லடான்னாரு." சிரித்தான். "போற போக்குல, பிரேக்க மெதுவா மிதிடா, கெழவிங்க நிக்கறாங்கன்னு ஒரு ஏச்சு வேற."

"எந்த ஜன்னல்?"

"நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதுதான்."

எழுந்து வேறு இடத்தில் உட்காரலாமா என்று பார்த்தேன். உட்காரவில்லை. அவர் பார்த்ததையே நானும் பார்த்துக்கொண்டு வந்தேன். உழுத வயல், பிடுங்காமல் விட்ட சோளத்தட்டை, பூட்டிய வீடுகள், ஒரு வேலியில் காயப்போட்ட போர்வை.

8

பத்து நிமிடம் இருக்கிறது. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு ஒன்று: பஸ் நிற்கிறது. கேட்டருகே நிகிஃபோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "அக்கா, உள்ள போக வேணாம்" என்கிறான்.

முடிவு இரண்டு: கெராசிம் முற்றத்தில் பிளம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். போன் கெட்டுப்போய் இரண்டு நாளாக அடிக்கவில்லை. "வாசிக்கிறது நீயா? அடப்பாவி, நான் மீச வச்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்!" என்கிறார். சூப் ஊற்றுகிறார். நான் குடிக்கிறேன், நிஜ சூப்பு.

[இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

முடிவு மூன்று: வீடு பூட்டியிருக்கிறது. வேத்தா வேலிக்கு மேலே தலையை நீட்டி, சனிக்கிழமை ஸ்பெயினிலிருந்து மகன் வந்து கூட்டிப்போய்விட்டான் என்கிறாள். நான் அடுத்த பஸ்ஸில் திரும்புகிறேன். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கிற முடிவு. யாருக்கும் வலிக்காது.

மூன்றையும் திருப்பி வாசித்தேன். இந்தத் தடவை கடைசி வரிவரை. ஒன்றில்கூட அந்தக் கதவை நான் திறக்கவில்லை.

9

ஒன்பது ஐம்பத்தேழு. இறங்கிவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வரவில்லை. கெராசிம் வீட்டுப் பச்சைக் கேட்டு. சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. வேத்தாவின் வீட்டு வாசலில் புது நாற்காலி ஒன்று, காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறது. வேத்தா இல்லை. கூப்பிட்டேன், ஒரு கோழிதான் வந்தது.

தபால் பெட்டியைத் திறந்தேன். ஒரு பழைய பஸ் கால அட்டவணையில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில்: "வாசிக்கிறவங்களுக்கு." உள்ளே கண்ணாடி. ஒரு பக்கக் காதுக்கம்பியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. கீறல் இல்லை, சொன்னது சரிதான்.

மெழுகுவர்த்தி இல்லை. தேடினேன், பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினேன். மறந்தாரா, இல்லை இது தானமே இல்லையா, இதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியவில்லை. வழக்கம் தெரிந்தவள் என்று சம்பளம் வாங்குகிறேன், தெரியவில்லை.

போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் வாங்கிக்கொண்டதாகிவிடும். 'ஆண்டவன் மன்னிக்கட்டும்' என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் முடிந்துபோகும். தானத்தை மறுப்பது பாவம் என்று நானேதான் எழுதினேன். அந்தப் பாவம் எனக்கு வரட்டும். "இது எனக்கு வேணாம் கெராசிம் அண்ணே, நீங்களே போட்டுக்குங்க, எனக்கு நீங்க தெனமும் வணக்கம் சொல்லணும், எனக்கு வேற ஆளில்ல." இதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது தடவை சத்தமாகவே சொன்னேன். கோழி ஓடியது.

பத்து மணி.

உள்ளே போன் அடிக்கிறது. லியா. சொன்ன நேரத்துக்கு, நேற்று எடுக்காவிட்டாலும் முந்தாநாள் எடுக்காவிட்டாலும், மானம் பார்க்காமல். காது மந்தம் என்று மணிச்சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார் போல, தெருவரை கேட்கிறது. பத்து தடவை அடிக்கும், பிறகு நிற்கும்.

ஒன்று. இரண்டு.

இதை கேட்டின் தூண்மேல் நோட்டை வைத்து நின்றபடி எழுதுகிறேன். இதுவும் தள்ளிப்போடுவதுதான், தெரிகிறது. மூன்று.

வாசகரே, நீங்கள் கடைசி வரிவரை வந்துவிட்டீர்கள், நான் வெள்ளிக்கிழமை செய்யாததைச் செய்துவிட்டீர்கள். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். நோட்டும் பேனாவும் இந்தத் தூண்மேலேயே இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

நான்கு. மீதியை நீங்கள் எண்ணுங்கள். நான் கதவைத் திறக்கப் போகிறேன்.